கடல் பறவைக் குஞ்சுகள் முக்குளித்து மீன் பிடிக்க எப்படிக் கற்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரைக்காகத் தண்ணீருக்குள் இறங்கும் கடல் பறவைகளைப் பற்றியது இந்தப் பக்கம். கானெட், பூபி, ஆலா போல வானிலிருந்து பாய்கிறவை ஒரு வகை. கில்லிமாட், பஃபின், பென்குயின், நீர்க்காகம் போல நீர்மட்டத்திலிருந்து மூழ்கி உள்ளே துரத்துகிறவை இன்னொரு வகை. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து, அண்டார்டிகா, தென்னாப்பிரிக்கா பக்கத்திலிருந்து வரும், ஏனென்றால் குஞ்சுகளின் உடம்பில் சிறு கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகள் அங்கேதான் நிறைய நடந்திருக்கின்றன.

இதெல்லாம் பிறவியிலேயே வருவதுதானே, கற்க என்ன இருக்கிறது?

பாதி உண்மை. தலையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பது, இறக்கையையோ காலையோ அடித்து மூழ்குவது, பளபளத்து அசையும் எதையும் கொத்தப் பார்ப்பது எல்லாம் யாரும் சொல்லித்தராமல் வருகிறது. கடலில் இறங்கியே இராத மூன்று வாரக் கில்லிமாட் குஞ்சு, பாறையிலிருந்து குதித்த அன்றைக்கே முக்குளிக்கும். ஆனால் மூழ்கத் தெரிந்தால் மட்டும் வயிறு நிறையாது. கடல் எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி தெரிகிற இடம். அதில் மீன் எங்கே கூடும், நீரோட்டம் எந்த நேரத்தில் திரும்பும், எந்த ஆழத்தில் தேட வேண்டும், எவ்வளவு நேரம் தேடிய பிறகு இந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போக வேண்டும் என்பதெல்லாம் முட்டைக்குள்ளிருந்து வருவதில்லை. அந்தந்தக் கடலில், அந்தந்தப் பருவத்தில் திரிந்து தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. கடல் பறவைகள் என்றாலே "உள்ளுணர்வு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களுடன் எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான். பறவை எப்படி மூழ்குகிறது என்பதற்கு வேண்டுமானால் அந்தப் பதில் போதும். எங்கே மூழ்குகிறது என்பதற்குப் போதாது.

முதல் நாள் பெற்றோர் கூட வருவார்களா?

இனத்துக்கு இனம் மாறும். இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதே ஆச்சரியம்தான், ஏனென்றால் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கும் பறவைகள்கூட நேர் எதிரான வழிகளில் குஞ்சை அனுப்புகின்றன.

கில்லிமாட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தின் மே தீவு, வேல்ஸின் ஸ்கோமர் தீவு போன்ற இடங்களில் செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் கூடே கட்டாமல் வெறும் கல்லில் முட்டையிடும் பறவை இது. குஞ்சு மூன்று வாரம் ஆனதுமே, பெரிய பறவையின் எடையில் கால் பங்கு சொச்சம்தான் இருக்கும்போது, பறக்கும் இறகுகள் இன்னும் முளைக்காத நிலையில், பொழுது சாயும் நேரத்தில் பாறையிலிருந்து குதித்துவிடுகிறது. கீழே கடலில் தந்தை கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான பறவைகள் ஒரே நேரத்தில் கத்தும் அந்த இரைச்சலில் தந்தையும் குஞ்சும் குரலை வைத்தே ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர்ந்துகொள்ளும். அப்புறம் இரண்டும் நீந்தியே ஆழ்கடலுக்குப் போய்விடும். ஒன்று முதல் இரண்டு மாதம் வரை தந்தை முக்குளித்து மீன் கொண்டுவந்து கொடுக்கும், குஞ்சு பக்கத்தில் மிதந்துகொண்டும் சின்னச் சின்னதாக மூழ்கிப் பார்த்துக்கொண்டும் இருக்கும். இந்தக் காலத்தில் தந்தைக்கும் இறக்கை இறகுகள் மொத்தமாக உதிர்ந்து புதிதாக முளைப்பதால் அதாலும் பறக்க முடியாது. ஆக, அப்பனும் பிள்ளையும் நீந்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் ஒன்றாகவே திரிகின்றன. தாய் வருவதில்லை. அது இன்னும் சில நாள் பாறை விளிம்பிலேயே தன் இடத்தைக் காத்துக்கொண்டு நிற்கும்.

பறக்கத் தெரியாத குஞ்சை இவ்வளவு சீக்கிரம் கடலில் இறக்குவது முட்டாள்தனம் இல்லையா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் இல்லை. கில்லிமாட்டின் இறக்கை தண்ணீருக்குள் துடுப்பாக வேலை செய்யும் அளவுக்குக் குட்டையானது, அதனால் காற்றில் பறப்பது அதற்குப் பெரும்பாடு. அதன் நெருங்கிய உறவான, வடதுருவப் பக்கம் வாழும் பிரூனிக் கில்லிமாட்டைக் கனடாவில் அளந்து 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பறக்கும்போது அது ஓய்வில் இருப்பதைப்போல 31 மடங்கு ஆற்றலைச் செலவழிக்கிறது என்று காட்டியது. பறவைகளில் அதுவரை அளக்கப்பட்டதிலேயே அதிகம் அதுதான். முக்குளிப்பதற்கோ ஒப்பிட்டுப் பார்த்தால் செலவு குறைவு. அதோடு கில்லிமாட் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மீனைத்தான் அலகில் நீளவாக்கில் பிடித்துக் கொண்டுவரும். ஒற்றை மீனுக்காகப் பல கிலோமீட்டர் பறந்து போய்வருவதை விட, குஞ்சையே மீன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது மலிவு. குஞ்சுக்கும் இதில் லாபம் உண்டு: எந்த மாதிரி இடத்தில் மீன் கிடைக்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்தே பார்க்கிறது.

பஃபின் குஞ்சுக்கும் இப்படி ஒரு துணை உண்டா?

கிடையாது. மண்ணுக்குள் தோண்டிய வளையில் சுமார் ஆறு வாரம் இருந்துவிட்டு, ஓர் இரவில் அது தனியாகக் கிளம்பிக் கடலுக்குப் போய்விடும். இரவு என்பதற்குக் காரணம் உண்டு, பகலில் குஞ்சைப் பிடித்துத் தின்னப் பெரிய கடற்காகங்கள் வெளியே காத்திருக்கும். விடியும்போது கரையிலிருந்து வெகுதூரம் போயிருக்கும். தாயும் தந்தையும் தொடர்ந்து வருவதில்லை, எங்கே போக வேண்டும் என்று காட்டுவதும் இல்லை. அதுவரை மீன் என்றால் அதற்குத் தெரிந்தது, பெற்றோர் வளைக்குள் கொண்டுவந்து போட்ட, நீளமாக மெல்லிசாக வெள்ளி மாதிரி மினுங்கும் சின்ன மீன்கள் மட்டும்தான். உயிரோடு நீந்துகிற மீனை அது முதலில் சந்திப்பது நடுக்கடலில், தன்னந்தனியாக.

இருட்டில் வெளிச்சத்தைப் பார்த்துப் போகும் பழக்கத்தால் ஐஸ்லாந்தின் வெஸ்ட்மன்னா தீவுகளில் ஒரு தனிக் கதை நடக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பஃபின் குஞ்சுகள் ஊர் விளக்குகளை நோக்கி வந்து தெருவில் விழுந்துவிடும். ஊர்ப் பிள்ளைகள் இரவில் அட்டைப்பெட்டியோடு சுற்றி அவற்றைப் பொறுக்கிவைத்து, மறுநாள் கடலோரம் கொண்டுபோய்க் காற்றில் வீசி விடுகிறார்கள்.

கானெட்?

இது மூன்றாவது வழி. கானெட் குஞ்சு சுமார் 13 வாரம் கூட்டிலேயே உட்கார்ந்து தின்று தின்று, 3 கிலோ உள்ள பெற்றோரை விடக் கனமாகிவிடும். அப்புறம் பாறையிலிருந்து சறுக்கிப் பறந்து கடலில் இறங்கும். இறங்கியதும்தான் சிக்கல் தெரியும்: உடம்பு கனம், இறக்கைத் தசைக்குப் பழக்கம் இல்லை, தண்ணீரிலிருந்து மறுபடி மேலே எழும்ப முடியாது. எனவே முதல் சில நாட்கள், சில சமயம் இரண்டு வாரம்கூட, தெற்குப் பக்கம் நீந்திக்கொண்டே போகும். பெற்றோர் பின்னால் வருவதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு, அது தீர்வதற்குள் மீன் பிடிக்கத் தெரிந்தாக வேண்டும். கொழுப்பு கரையக் கரைய உடம்பு லேசாகிப் பறக்கவும் வருகிறது என்பதால் இந்த ஏற்பாடு பார்ப்பதற்கு இருப்பதை விடக் கெட்டிக்காரத்தனமானது. ஆனாலும் கொடூரமான ஏற்பாடுதான். மீன் கிடைக்காத பக்கம் நீந்திப்போன குஞ்சுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை.

பென்குயின்கள் பெரிய கூட்டமாகக் கிளம்புவதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அங்கே பெரியவை வழிகாட்டுகின்றனவா?

கூட்டமாகக் கிளம்புகின்றன, ஆனால் அந்தக் கூட்டம் முழுக்கக் குஞ்சுகள். எம்பரர் பென்குயின் குஞ்சுகள் சுமார் ஐந்து மாத வயதில், டிசம்பர், ஜனவரி வாக்கில், சிலவற்றுக்கு உடம்பில் குஞ்சுத் தூவி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பனியிலிருந்து கடலுக்குள் போகின்றன. 2024 ஜனவரியில் அண்டார்டிகாவின் அட்கா விரிகுடாவில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் சுமார் 15 மீட்டர் உயரமான பனிவிளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கடலில் குதித்ததை டிரோன் கேமரா படம்பிடித்தது. பக்கத்தில் பெற்றோர் யாரும் இல்லை. வேறு குடியிருப்புகளில், அதாவது பறவைகள் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடங்களில், கருவி பொருத்தி அனுப்பிய குஞ்சுகள், பெரியவை மேயும் பனிக்கடலை விட்டுவிட்டு வடக்கே திறந்த கடல் வரை போனது தெரியவந்தது.

எல்லாப் பென்குயினும் இப்படி இல்லை. ஜென்டூ பென்குயின் குஞ்சு கடலுக்குப் போய்வரத் தொடங்கிய பிறகும் கொஞ்ச காலம் கரைக்குத் திரும்பி வந்து பெற்றோரிடம் இரை வாங்கித் தின்னும். கலாபகோஸ் பென்குயினிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். பகலில் பயிற்சி, பசித்தால் வீடு. இந்த வசதி இருக்கும் குஞ்சுக்கு முதல் சில தோல்விகள் உயிருக்கு ஆபத்தாவதில்லை.

உடம்பே தயாராக இல்லாமல் எப்படி முக்குளிக்கும்?

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குஞ்சு ஆழமாகப் போகாததற்கு அனுபவம் இல்லாதது மட்டும் காரணம் இல்லை. நீருக்கடியில் மூச்சை அடக்கி இருக்கும்போது தசைக்கு வேண்டிய ஆக்ஸிஜனைப் பிடித்துவைப்பது மயோகுளோபின் என்ற புரதம். எம்பரர் பென்குயின் குஞ்சு கடலுக்குக் கிளம்பும்போது அதன் தசையில் பெரிய பறவையிடம் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மயோகுளோபின்தான் இருக்கிறது. பெரியவை 500 மீட்டருக்குக் கீழேயும் போகும். குஞ்சுகளோ ஆரம்ப வாரங்களில் சில பத்து மீட்டரோடு திரும்பிவிடும். அதோடு சிறிய உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், கொழுப்பும் இறகுக்குள் சிக்கிய காற்றும் மேலே தள்ளும், அந்த மிதப்பை எதிர்த்துக் கீழே போகவே பாதி மூச்சு தீர்ந்துவிடும். முக்குளிக்க முக்குளிக்கத்தான் தசையில் மயோகுளோபின் கூடுகிறது, எனவே உடம்பு வளர்வதும் திறமை வளர்வதும் ஒரே நேரத்தில், ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நடக்கின்றன.

மேலிருந்து பாயும் பறவைகளுக்கு என்ன கஷ்டம்? பார்த்தால் சுலபமாகத்தானே இருக்கிறது?

பார்ப்பதற்குத்தான். தண்ணீருக்கு மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் மீன் இருக்கும் இடம் ஒன்று, தெரியும் இடம் வேறொன்று, ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைவதால் வரும் வித்தியாசம் இது. அலை ஆடும், வெயில் கண்ணைக் கூசும், மீனும் சும்மா நிற்காது. காற்றை எதிர்த்து ஓர் இடத்தில் நிலையாக நிற்பது, எப்போது விழலாம் என்று முடிவெடுப்பது, விழுந்த பிறகு நடுவழியில் வேண்டாம் என்று விலகுவது, இவை ஒவ்வொன்றும் தனித்தனித் திறமை. கானெட்டுக்கு இன்னும் மோசம். 30 மீட்டர் வரை உயரத்திலிருந்து, மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடும் பறவை அது. நீருக்குள் போனதும் அதன் கண் ஒரு நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நீருக்கடியில் பார்க்கத் தக்கபடி மாறிக்கொள்கிறது. கண் தானாக மாறும், ஆனால் எந்த உயரத்திலிருந்து எந்தக் கோணத்தில் விழுவது என்பது தானாக வராது.

இளம் பறவைகள் இதில் பின்தங்குவதை அரை நூற்றாண்டுக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். பறவை ஆய்வாளர் கோர்டன் ஓரியன்ஸ் பழுப்புக் கூழைக்கடாக்களைப் பார்த்து 1969-இல் எழுதினார். நம்மூர் ஏரிக் கூழைக்கடா மிதந்தபடி மீன் அள்ளும், அமெரிக்கக் கரையோரத்துப் பழுப்புக் கூழைக்கடா கானெட் போல வானிலிருந்து பாயும். யூவன் டன் என்ற இன்னோர் ஆய்வாளர் 1972-இல் சியரா லியோன் கடற்கரையில் குளிர்காலத்தைக் கழித்த சாண்ட்விச் ஆலாக்களைப் பற்றி எழுதினார். இரண்டிலும் முடிவு ஒன்றுதான், இளம் பறவைகளின் பாய்ச்சல்களில் மீன் சிக்காமல் போனவை பெரியவற்றை விட அதிகம். ஆலாக்களைப் பொறுத்தவரை பிறந்து பல மாதம் ஆகி, ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை பறந்து வந்த பிறகும் அந்த இடைவெளி மூடவில்லை.

மற்ற பறவைகளைப் பார்த்துக் கற்குமா?

கற்கும் என்று நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன, கடந்த இருபது வருட ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பூபிகளில் தொடங்கலாம். ஜப்பானின் தெற்கு முனையில் உள்ள நகனோகாமிஷிமா தீவில் பழுப்பு பூபிக் குஞ்சுகளின் மேல் சிறு வீடியோ கேமரா பொருத்திப் பார்த்தபோது, அவை கடலில் தனியாக அலையாமல் மற்றப் பறவைகளைத் தேடி அவற்றின் பின்னால் போவது பதிவானது. மொசாம்பிக் கால்வாயில் உள்ள யூரோப்பா தீவின் செங்கால் பூபிக் குஞ்சுகளும் ஆரம்ப வாரங்களில் தீவைச் சுற்றியே, தம் வயதுத் தோழர்களோடு திரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுகின்றன. பூபிகளுக்கு இந்த வசதி வாய்க்கக் காரணம், பறக்கத் தொடங்கிய பிறகும் மாதக்கணக்கில் கூட்டுக்கு வந்தால் சாப்பாடு கிடைக்கும் என்பதுதான்.

கானெட்டுக்கு முதல் வருடம் யாரும் இல்லை, ஆனால் கதை அதோடு முடிவதில்லை. இரண்டு மூன்று வயதில் அது குடியிருப்புப் பக்கம் திரும்பி வரும், முட்டையிட அல்ல, சும்மா சுற்ற. ஸ்காட்லாந்தின் பாஸ் ராக் தீவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், கடலுக்குப் போகும் கானெட் வரிசைகளைக் கவனித்தார்கள். கானெட்டின் வயது நிறத்திலேயே தெரிந்துவிடும், குஞ்சு கரும்பழுப்பு, முழு வெள்ளையாக சுமார் ஐந்து வருடம் ஆகும். பார்த்தால், இளையவை பெரியவற்றின் பின்னால் பறந்தன, முன்னால் பறந்து வழிநடத்தியவை பெரும்பாலும் பெரியவை. குஞ்சுக்கு உணவூட்டிக்கொண்டிருக்கும் பறவை வெட்டியாகப் பறக்காது, அதன் வாலைப் பிடித்துப் போனால் மீன் இருக்கும் இடத்துக்குப் போகலாம். வேண்டுமென்றே சொல்லிக்கொடுப்பதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் பெரியவற்றின் அறிவு இளையவற்றுக்கு ஒழுகிப் போக இது ஒரு வழி. 2022-இல் பறவைக் காய்ச்சல் பாஸ் ராக்கைத் தாக்கியதையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். 2014-இல் சுமார் 75,000 ஆக இருந்த கூட்டிடங்கள் 2023 கணக்கெடுப்பில் சுமார் 52,000 ஆகிவிட்டன. பறவைகள் குறைந்தது ஒரு நஷ்டம் என்றால், வழி தெரிந்த பறவைகள் குறைந்தது இன்னொரு நஷ்டம்.

பெற்றோரே நேரடியாகக் கூட்டிச்செல்வதற்கு காஸ்பியன் ஆலா நல்ல சாட்சி. பால்டிக் கடல் பக்கம் பிறந்த குஞ்சுகளையும் பெற்றோரையும் சேர்த்துப் பின்தொடர்ந்த, 2022-இல் வெளியான ஆய்வில், ஆப்பிரிக்கா நோக்கிய முதல் பயணத்தில் குஞ்சுடன் போனது பெரும்பாலும் தந்தைதான் என்று தெரிந்தது. வழியில் எந்தெந்த இடத்தில் இறங்கி இரை தேடலாம் என்பதும் அந்தப் பயணத்திலேயே பழகிவிடுகிறது. வழியில் தந்தையைத் தவறவிட்ட குஞ்சுகள் பிழைக்கவில்லை.

குஞ்சுகள் மாதக்கணக்கில் தேறுகின்றன என்கிறீர்கள். திறமை இல்லாதவை செத்துப்போய், மிச்சம் இருப்பவை நன்றாகத் தெரிகின்றன என்றும் இருக்கலாமே?

நல்ல கேள்வி. கூட்டத்தின் சராசரியை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிக்கவே முடியாது. ஒரே பறவையை நாள்தோறும் தொடர்ந்தால்தான் விடை வரும். இந்தியப் பெருங்கடலின் தெற்கே உள்ள குரோசே தீவுகளில், ஒரு வயதான 17 கிங் பென்குயின்களுக்கு அவற்றின் முக்குளிப்புகளை உடனுக்குடன் அனுப்பும் கருவிகளைப் பொருத்தி, ஒப்பிட ஐந்து பெரியவற்றுக்கும் பொருத்தினார்கள். 2016-இல் வெளிவந்த முடிவு என்னவென்றால், குஞ்சுகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு சாரார் ஆழம் குறைவாக, நேரம் குறைவாக மூழ்கிக்கொண்டே இருந்தார்கள், அவர்களின் சமிக்ஞை சீக்கிரமே நின்றுபோனது, பெரும்பாலும் இறந்திருக்க வேண்டும். இன்னொரு சாரார் வாரத்துக்கு வாரம் ஆழத்தையும் நேரத்தையும் கூட்டி, முதல் மாதங்களைத் தாண்டினார்கள். ஆக இரண்டுமே நடக்கிறது. பிழைத்தவை உண்மையிலேயே தேறின, தேறாதவை பிழைக்கவில்லை.

குஞ்சுகள் எப்போது அதிகம் சாகின்றன? கிளம்பிய முதல் வாரத்திலா?

பல இனங்களில் முதல் சில வாரங்கள் மோசமானவைதான். ஆனால் மே தீவின் ஷேக் என்ற கடல் நீர்க்காகத்தில் ஆபத்து தள்ளி வருகிறது, அந்தக் காரணம் விவரமாகச் சொல்லத் தக்கது.

ஷேக் குஞ்சு கோடையில் கூட்டை விட்டுக் கிளம்பிக் கொஞ்ச நாள் பெற்றோர் தயவில் இருந்துவிட்டுத் தனியாக முக்குளிக்கத் தொடங்கும். பெரியவை ஒரு மணி நேரத்தில் பிடிக்கும் மீனைப் பிடிக்க அதற்கு அதிக நேரம் ஆகும். பரவாயில்லை, ஆகஸ்ட்டில் பகல் நீளம், சேர்த்து உழைத்துச் சரிக்கட்டிவிடலாம். டிசம்பரில் அந்தப் பக்கம் பகல் வெறும் 7 மணி நேரம் சொச்சம். ஷேக் பகல் வெளிச்சத்தில் இரை தேடும் பறவை, அதன் வெளி இறகுகள் நனைந்துவிடுவதால் நடுநடுவே கரையேறி உலர்த்தவும் வேண்டும். பெரியவை அந்தக் குறுகிய பகலுக்குள் வேலையை முடித்துவிடும். இளையவற்றுக்கு நேரம் போதாது. 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது இதைத்தான், இளம் பறவைகள் இரை தேடச் செலவழிக்கும் நேரம் பெரியவற்றை விட அதிகமாகவே இருந்தது, இளம் பறவைகளின் சாவு நடுக்குளிர்காலத்தில் உச்சத்துக்குப் போனது. கோடையிலிருந்து கற்றது போதாமல் போனதற்கான விலையை ஜனவரியில் கொடுக்கின்றன என்று சொல்லலாம். புயல் வந்து கடல் கலங்கிவிட்டால் இந்தக் கணக்கு இன்னும் இறுகும்.

நன்றாகக் கற்றும் தோற்க வாய்ப்பு உண்டா?

உண்டு, ஆப்பிரிக்கப் பென்குயின் அப்படித்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. இதன் குஞ்சு யாருடைய துணையும் இல்லாமல் கிளம்பினாலும் குருட்டாம்போக்கில் போவதில்லை. நீர் குளிர்ந்திருக்கும், நுண்பாசி செழித்திருக்கும் பகுதிகளைத் தேடிப் போகிறது. பழைய காலத்தில் அது அருமையான விதி: தென்மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிநீர் மேலெழும் இடங்களில் நுண்பாசி இருந்தால் மத்தியும் நெத்திலியும் இருக்கும். 1960, 70-களில் நமீபியக் கடலில் மத்தியை அளவுக்கு மீறி அள்ளினார்கள். இப்போது நுண்பாசி அதே இடத்தில் இருக்கிறது, நீரும் குளிராகவே இருக்கிறது, மீன் இல்லை. அங்கே மலிந்திருப்பவை சொறிமீனும், சத்துக் குறைந்த கோபி மீனும்தான்.

8 குடியிருப்புகளிலிருந்து 54 குஞ்சுகளைச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, அவை இப்படி மீன் வற்றிப்போன பகுதிகளுக்கே போய்ச் சேருவதைக் காட்டியது. மீன் குறையாத பகுதிகளுக்குப் போயிருந்தால் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்திருக்கும் என்பது அவர்களின் கணிப்பு. 2024-இல் இந்தப் பென்குயின் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இதற்கு மீன்பிடிப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், எண்ணெய்க் கசிவும் கப்பல் இரைச்சலும் இருக்கின்றன. ஆனால் குஞ்சின் கையில் இருக்கும் ஒரே வரைபடத்தை நாம்தான் பொய்யாக்கினோம்.

கற்று முடிக்க எத்தனை வருடம் ஆகும்?

சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடில்லாத அளவுக்குத் தேற ஒரு வருடம், தன்னையும் ஒரு குஞ்சையும் காப்பாற்றும் அளவுக்குத் தேற அதைவிட நிறைய. கானெட், பஃபின் எல்லாம் சுமார் ஐந்து வயதில்தான் முட்டையிடத் தொடங்குகின்றன, கில்லிமாட் ஆறு ஏழு வயதுகூட எடுத்துக்கொள்ளும். கில்லிமாட் 30 வயதைத் தாண்டியும் வாழ்வதால் அவசரமில்லை. இடைப்பட்ட வருடங்களில் இளம் கானெட் கண்டபடி சுற்றும், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாது. குஞ்சு வளர்க்கும் வயது வந்த கானெட்டோ ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு திசை, ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டு அங்கேயே போய்வரும். முதலில் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் இடத்தைத் தேர்ந்தெடுப்பது போலத் தெரிகிறது, முட்டையிடும் வயது இவ்வளவு தள்ளி வருவதற்கு அதுதான் ஒரு காரணம் என்று நினைக்க எனக்கும் தோன்றுகிறது.

இளம் பறவைகள் கடற்பாசியையும் இறகையும் தூக்கிப் போட்டு விளையாடுவதைப் பார்த்தேன், அதுவும் பயிற்சிதானா?

பயிற்சியாக உதவும். பூபி, ஆலா, நீர்க்காகக் குஞ்சுகள் மிதக்கும் எதையாவது கொத்தித் தூக்கி, கீழே போட்டு, மறுபடி பிடிப்பது அடிக்கடி நடப்பதுதான். தப்பவிட்டாலும் பட்டினி இல்லை என்கிற ஒரே இரை அதுதான்.

நம் கடற்கரையில் இதில் எதையாவது பார்க்க முடியுமா?

கில்லிமாட்டும் பஃபினும் கிடையாது. ஆனால் ஆலாக்கள் உண்டு. சாண்ட்விச் ஆலாவும் காஸ்பியன் ஆலாவும் குளிர்காலத்தில் கோடியக்கரை பக்கம் வருகின்றன. பெரிய கொண்டை ஆலாவைக் கவனியுங்கள், அதன் குஞ்சுக்கு நன்றாகப் பறக்க வந்த பிறகும், சுமார் நான்கு மாத வயது வரை, பெற்றோர் இரை கொடுக்கும். எனவே மணல் திட்டில், நிறம் மங்கிய ஓர் ஆலா குனிந்து கத்திக்கொண்டு பெரியதன் பின்னால் ஓடினால், அது இன்னும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை. ஏரிகளில் சின்ன நீர்க்காகக் கூட்டங்களைப் பார்த்தாலும் எந்தப் பறவை வெறும் அலகோடு மேலே வருகிறது என்று எண்ணலாம், கடல் பறவை இல்லாவிட்டாலும் தொழில் ஒன்றுதான்.

கரையில் களைத்துப்போய்க் கிடக்கும் கடல் பறவையைப் பார்த்தால் திரும்பக் கடலில் விட்டுவிடலாமா?

வேண்டாம், அது பறவைக்கு உதவியாக இருக்காது. பருவக்காற்றுக் காலத்தில் பூபி போன்றவை சில சமயம் கரையில் ஒதுங்கும். கரைக்கு வந்த பறவை பெரும்பாலும் மெலிந்தோ அடிபட்டோ இருக்கும், தண்ணீரில் தள்ளினால் மூழ்கிவிடலாம். நாய், காக்கை அண்டாமல் பார்த்துக்கொண்டு, அடியில் துணி விரித்த, காற்றோட்டத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து மீனோ தண்ணீரோ திணிக்காதீர்கள். தூக்கும்போது ஒரு துண்டைப் போர்த்தி, அலகு உங்கள் முகத்துக்கு எட்டாதபடி பிடியுங்கள், பூபிக்குக் கழுத்து நீளம், குத்தினால் கண் போய்விடும். பல பறவைகள் ஒரே நேரத்தில் செத்து ஒதுங்கியிருந்தால் நோயாக இருக்கலாம், அப்போது தொடவே தொடாதீர்கள், தகவல் மட்டும் கொடுங்கள்.